ரஹீம் வாத்தியார்



என் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். அப்புறம்தான் இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர். 1951-இல் ஆசியத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம்.

1962, ஜகார்த்தா. புற்றுநோயோடு இருந்தார் மனுஷன். தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல் போட்டாச்சு. வேறு யாராக இருந்தாலும் உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரைக் கொண்டுபோய் முன்வரிசையில் நிறுத்தினார். அரையிறுதியில் ஒரு கோல், இறுதியில் தென்கொரியாவுக்கு எதிராக இன்னொன்று. 2-1, தங்கம்! (அன்றைக்குக் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ்.) 1963 ஜூனில் ரஹீம் காலமானார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூணு வருஷத்துக்கு முன்னால் என் டீமில் ஒரு பையன். டிசைன் வேலை அவனுக்கு வரவில்லை. "சரிப்பட மாட்டான்" என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். வேறு என்ன வரும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போ வேறொரு கம்பெனியில் ஒரு சைட் முழுக்க அவன் பொறுப்பில் நடக்கிறது.

அவனும் நம்ம காலேஜ்தான். இன்றைக்கு வந்திருக்கிறான், எந்த வரிசை என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் அவனிடம் போய்ப் பேசணும். அதனால் இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.