நம்ம வாசல், நம்ம கார், கவுன்சில் டிக்கெட்

இன்னைக்கு ஒரு 80 பவுண்ட் கதை. லண்டன்ல என் வீட்டு டிரைவ்வேக்குள்ள மனைவியோட கார் நின்னுச்சு. அந்த டிரைவ்வேயோட வாயை அடைச்ச மாதிரி, ரோட்டுல என் கார். காலையில வந்து பார்த்தா கண்ணாடியில டிக்கெட். 160 பவுண்ட். 14 நாளுக்குள்ள கட்டினா பாதி, 80.

ஈஸ்ட் ஹாம்ல இருக்கிற மாமாவுக்குப் போன் பண்ணேன். "கவர்ன்மென்ட்டோட நமக்கெதுக்குப்பா வம்பு? உனக்கு விசா வேற இருக்கு. 80-ஐக் கட்டிட்டு வேலையைப் பாரு"ன்னார். நம்ம ஆளுங்க பாதிப் பேர் இப்படிப் பயந்துதான் கட்டுறாங்க. கவுன்சில் கொடுக்கிற இந்த பிசிஎன் குற்ற வழக்கு கிடையாது, சிவில் அபராதம். லைசென்ஸ்ல புள்ளியும் ஏறாது. ஆனா கண்டுக்காம விட்டா தொகை ஒன்றரை மடங்காகும், கடைசியில வசூல் பண்ண வீட்டுக்கே ஆள் வருவாங்க. அதனால கட்டணும், இல்லன்னா எதிர்த்து எழுதணும். சும்மா இருக்கக் கூடாது.

என் டிக்கெட்டில் இருந்த எண் 27. நடைபாதையின் விளிம்பைத் தாழ்த்தி ரோட்டோடு சமமாக்கியிருக்கும் இடத்தை மறித்து நிறுத்தினால் இந்த எண்தான் வரும். வீல்சேரும் தள்ளுவண்டியும் இறங்குற இடம், அதனால சட்டம் நியாயமானதுதான். மஞ்சள் கோடோ போர்டோ அங்க இருக்கணும்னு அவசியமில்லை.

ஆனா 2004-ஆம் ஆண்டு போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தோட 86-வது பிரிவை முழுசா படிச்சுப் பாருங்க. வீட்டுக்கு முன்னாடி, அந்த வீட்டில் குடியிருப்பவரே நிறுத்தினாலோ, அவர் சம்மதத்தோட இன்னொருத்தர் நிறுத்தினாலோ விலக்கு உண்டு. காசு வாங்கிட்டுக் கொடுக்கிற சம்மதம் செல்லாது. பக்கத்து வீட்டோட பங்கு போடுற டிரைவ்வேன்னா விலக்கே கிடையாது. கவனிங்க, சட்டம் சொல்றது 'குடியிருப்பவர்'. வீட்டு ஓனரா இருக்கணும்னு இல்லை. என்னை மாதிரி வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் அந்த உரிமை இருக்கு.

இதை எழுதி, கூடவே வாடகை ஒப்பந்தம், டிரைவ்வே எங்க வீட்டுக்கு மட்டும்தான்னு தெரியுற மாதிரி போட்டோ, அப்புறம் கவுன்சில் டாக்ஸ் பில், எல்லாம் அனுப்பினேன். அந்த பில்லை அனுப்பினதே அதே கவுன்சில்தான்! வந்த பதில்ல என் வாதத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. "தாழ்த்தப்பட்ட விளிம்பை மறித்து நிறுத்தியுள்ளீர்கள்." அவ்வளவுதான். கூடவே ஒரு சலுகை: இன்னும் 14 நாளுக்குள்ள கட்டினா அதே 80 போதும்.

இங்கதான் நிறைய பேர் விட்டுடுறாங்க. இதைத் தாண்டினா, தோத்தா முழு 160. எனக்கும் அன்னைக்கு ராத்திரி கை கட்டுற பட்டன் மேலதான் இருந்துச்சு. அந்த மாசம் 160 போனா எங்களுக்கு நிஜமாவே இடிக்கும். ஆனா என் வாதத்தைப் படிச்சதுக்கான அடையாளமே இல்லாத ஒரு பதிலுக்கு 80 பவுண்ட் கொடுக்க மனசு வரல.

காத்திருந்தேன். கார் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு 'நோட்டீஸ் டு ஓனர்'னு ஒரு கடிதம் வரும். அது வந்ததுல இருந்து 28 நாளுக்குள்ள முறைப்படி ஆட்சேபணை எழுதணும். கவுன்சில் 56 நாளுக்குள்ள பதில் அனுப்பலன்னா அபராதம் ரத்து. எனக்குப் பதில் வந்துச்சு, மறுபடியும் நிராகரிப்பு. அடுத்தது 'லண்டன் டிரைபியூனல்ஸ்'. கவுன்சிலுக்குக் கீழ வேலை செய்யாத, சட்டம் படிச்ச ஒருத்தர் ரெண்டு பக்கத்தையும் பார்த்துத் தீர்ப்பு சொல்வார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். இதுக்கும் 28 நாள்தான். ஆன்லைன்ல பதிவு பண்ணி, அதே மூணு ஆதாரத்தையும் ஏத்தினேன்.

விசாரணை தேதிக்கு முன்னாடியே ஒரு மெயில்: கவுன்சில் வழக்கை எதிர்க்கவில்லை, டிக்கெட் ரத்து. ஏன்னு ஒரு விளக்கம் இல்லை. சந்தோஷம்தான், ஆனா எரிச்சலும் வந்துச்சு. முதல் கடிதத்திலேயே இருந்த அதே மூணு காகிதம்தானே? மாமாகிட்ட சொன்னேன். "ஏதோ உன் நல்ல நேரம்"ங்கிறார் இன்னமும்.

இதைக் கேட்டுட்டு நாளைக்கே வாசல்ல நிறுத்திடாதீங்க. இரட்டை மஞ்சள் கோடு இருந்தா இந்த விலக்கு உதவாது. பெர்மிட் வேண்டிய நேரமான்னும் பாருங்க. லண்டன்ல ஒரு சக்கரம் நடைபாதை மேல ஏறியிருந்தாலே அது வேற குற்றச்சாட்டு, எண் 62. அங்க 'என் வாசல்'ங்கிற வாதம் எடுபடாது. இங்கிலாந்துல லண்டனுக்கு வெளியே இருக்கிறவங்க போக வேண்டியது 'டிராஃபிக் பெனால்டி டிரைபியூனல்'.

இன்னொண்ணு, சூப்பர் மார்க்கெட் வாசல்ல தனியார் கம்பெனி ஒட்டுற டிக்கெட்டையும் பிசிஎன்னுதான் சொல்வாங்க. எழுத்துதான் அதே மூணு எழுத்து, விஷயம் முழுக்க வேற. அதை அடுத்த வாரம் பேசுவோம்.