வளவு வீடும் அடுக்குமாடி வீடும்
(யூபிலி விழா மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் சிவகாசிப் பக்கத்து வளவுகளைப் பற்றி உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. முன்வீட்டில் உரிமையாளர், பின்னே வரிசையாக ஐந்தாறு வாடகைக் குடித்தனங்கள், எல்லாருக்கும் ஒரே குழாயடி. சண்டைக்கும் குறைவில்லைதான். ஆயினும், பட்டாசு ஆலைக்குப் போன தாய் திரும்பும் வரை அவள் பிள்ளைக்குச் சோறு போட அங்கே ஒரு கை இருந்தது.

சொந்த வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் கலந்து வாழும் இந்த முறையைப் பெருநகரில் ஏழைகளுக்கு வீடு கட்டியவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றிற்று. தொடக்கத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழுப்பினார்கள். பின்னர், 2000-ஆம் ஆண்டையொட்டி, சென்னை ஆற்றங்கரைகளில் வாழ்ந்தோரைக் கண்ணகி நகருக்கும், அதன் பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பலாயினர். கூரை கிடைத்தது, வேலை நகரத்திலேயே நின்றுவிட்டது. ஏழைகளை மட்டுமே ஓரிடத்தில் குவித்ததால், ஊர்ப் பெயரைக் கேட்டே வேலை தரத் தயங்குவோரும் உண்டானார்கள்.

பழைய மாடி வீடுகளோ தளர்ந்தன. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடி சரிந்து 24 வீடுகள் மண்ணாயின. விரிசலைக் கண்டு முன்னரே வெளியேறியதால் மக்கள் உயிர் தப்பினர். அவ்வாண்டே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அந்த வாரியம், பழுதடைந்தவற்றை இடித்து அதே இடத்தில் மீண்டும் கட்டி வருகிறது. நல்ல காரியம்.

ஆனால் யாருக்கு? நம் பங்கிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னை சென்ற ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தோம். ஒன்பது ஆண்டுகளாக அவர்கள் வாடகைக்கு இருந்த பழைய மாடி வீடு இடிபடவிருந்தது. ஒதுக்கீட்டுச் சீட்டில் பெயருள்ளவர் புது வீட்டுக்குக் காத்திருந்தார். இவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். "சாமி, எங்க பேரு எந்தத் தாள்லயும் இல்ல" என்றார் அந்தத் தாய். பதில் சொல்லத் தெரியாமல், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

சிங்கப்பூரில் மக்களில் ஐந்தில் நால்வர் அரசு கட்டிய வீடுகளிலேயே வாழ்கின்றனர். அண்மையில் எழுப்பிய சில கட்டடங்களில் விலைக்கு விற்ற வீடுகளையும் வாடகை வீடுகளையும் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். வாடகைக்காரருக்கும் இடம் என்று கட்டும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள்.

நம் ஊரிலும் வளவுகள் கைமாறி மாடிகள் எழும்புகின்றன. விற்றவர்கள் சிலர் இங்கேயே அமர்ந்திருக்கிறீர்கள். பின்வீட்டுக் குடித்தனத்துக்கு எத்தனை மாதம் தவணை கொடுத்தீர்கள்? முன்பணத்தை முழுமையாகத் திருப்பினீர்களா? விருந்துக்கு முன் இதைக் கேட்பது முறைதானோ என்னவோ, கேட்டுவிட்டோம்.