நோயாளியை நலம் விசாரித்தலும் நோய் பரவாமல் காத்தலும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் தொடங்குகின்றோம்.

 

கொரோனா என்றதும் நோயோடு மருத்துவமனைக்குச் சென்றவர்களையே நாம் நினைவுகூர்கின்றோம். ஆனால், எலும்பு முறிவுக்காகப் படுக்கையில் சேர்ந்து, அங்கேயே அந்நோய்க்கு ஆளானவர்களும் உலகெங்கும் இருந்தனர். அவர்களைப் பற்றி இங்குச் சில செய்திகளை எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அருவிக்கரைப் பாறைகள் வழுக்கும். தென்காசி வழியே கேரளம் செல்லும் சாலையில் வாகனங்கள் ஓய்வதில்லை. வீட்டுக் குளியலறையில் கால் இடறி இடுப்பெலும்பு முறியும் முதியோர் எல்லாத் தெருவிலும் உண்டு. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22ஆம் நாள். நான்கே மாதங்களில், 2020 மார்ச் இறுதியில், ஊரடங்கு வந்தது. அருவிகளில் குளிப்பதற்குத் தடை வந்தது. எலும்பு முறிவுகளுக்கு மட்டும் எந்தத் தடையும் வரவில்லை.

மருத்துவமனையில் தொற்றியது என்று எவ்வாறு அறிவது? இக்கிருமி உடலில் புகுந்தபின் அறிகுறி தோன்ற 2 முதல் 14 நாட்கள் வரை ஆகலாம். ஆகவே சேர்ந்த அன்று எடுத்த சோதனையில் தொற்றில்லை என்று வந்தாலும் அது முழு உறுதியாகாது. இங்கிலாந்தில் ஒரு கணக்கு வைத்திருந்தனர். சேர்ந்து 8 முதல் 14 நாட்களுக்குள் தொற்று தெரிந்தால், அது மருத்துவமனையில் வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. 15 நாட்கள் கடந்து தெரிந்தால் அங்கேதான் வந்தது என்று கொண்டனர்.

இந்த ஆபத்து 2020இல் புதிதாய்ப் பிறந்ததன்று. 2003இல் பரவிய சார்ஸ் நோயும் கொரோனா வகைக் கிருமியால் வந்ததே. கனடாவின் டொராண்டோ நகரில் அது அடங்கிவிட்டதெனக் கருதி, அவ்வாண்டு மே மாதத்தில் மருத்துவமனைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினர். மே 14 அன்று உலக சுகாதார நிறுவனமும் நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து அந்நகரை நீக்கியது. ஆனால் நார்த் யார்க் பொது மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் நோய் ஓசையின்றி உலவிக்கொண்டிருந்தது. இடுப்பெலும்பு முறிவோடு வந்த 96 வயது முதியவர் ஒருவருக்கு அங்கே காய்ச்சலும் நுரையீரல் பாதிப்பும் கண்டன. படுத்த படுக்கையான முதியவருக்கு வரும் நிமோனியா என்றே அதனைக் கருதினர். பின்னர் ஆராய்ந்தபோது, அவரருகே இருந்த நோயாளிகளுக்கும், அவர்களைக் காண வந்தோருக்கும், பணியாளர்களுக்கும் சார்ஸ் இருந்தது தெரிந்தது. மே 23 அன்று அம்மருத்துவமனை புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தியது. அந்த இரண்டாம் அலையில் பாதிக்கப்பட்டோர் மருத்துவப் பணியாளர், உள்நோயாளிகள், பார்க்க வந்தோரும் வீட்டாரும் என மூவகையினராயிருந்தனர். இந்த மூன்றாம் வகையினரை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

17 ஆண்டுகள் கழித்து அதே கதை பெருகி வந்தது. சீனத்தின் ஹூபே மாநிலத்தில் எலும்பு முறிவோடு கொரோனாவும் கண்ட 10 நோயாளிகளைப் பற்றி 2020இல் மருத்துவர்கள் எழுதினர். அவர்களுள் எழுவருக்குத் தொற்று மருத்துவமனையிலேயே வந்திருந்தது, நால்வர் இறந்தனர். அதே ஆண்டு மே மாதம், 24 நாடுகளின் 235 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 1,128 கொரோனா நோயாளிகளைப் பற்றிய ஆய்வு லான்செட் இதழில் வெளிவந்தது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 23.8 விழுக்காட்டினர். தொற்று அறுவைக்கு முன்பே தெரிந்தது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மட்டுமே.

எலும்பு முறிந்தவருக்கு ஏன் இவ்வளவு ஆபத்து? அவர்களுள் முதியோர் மிகுதி. நீரிழிவு, இருதய நோய் முன்பே இருக்கும். வலியால் ஆழ்ந்து மூச்சிழுக்கவோ இருமிச் சளியை வெளியேற்றவோ இயலாது. எழுந்து நடமாட முடியாமல் நாட்கணக்கில் படுத்திருப்பதால் நுரையீரலின் அடிப்பகுதி சரிவர விரியாது. அந்நிலையில் கிருமி புகுந்தால் தாங்கும் வலிமை குறைவு. மேலும், தம்மால் அசைய முடியாதவரைத் தூக்கவும் துடைக்கவும் உணவூட்டவும் பலர் நெருங்கிவர வேண்டியுள்ளது.

அதற்காக மருத்துவமனைக்கே அஞ்சி வீட்டில் கிடப்பது அதனினும் கேடு. மூட்டு மாற்று போன்றவற்றைத் தள்ளிப்போடலாம். அக்காலத்தில் தள்ளியும் போட்டனர். முதியோரின் இடுப்பெலும்பு முறிவுக்கு இயன்றவரை 48 மணி நேரத்திற்குள் அறுவை செய்து, அவரை எழுப்பி அமர்த்துவதே உயிர் காக்கும் வழி. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியதும் இக்காலத்தின் அருமை கருதியே.

சகோதரர்களே! நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமை. நம்மூரில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால் தெருவே திரண்டு செல்வது அந்த அன்பின் அடையாளம். அந்த அன்பை விட்டுவிடச் சொல்லவில்லை. அதன் முறையை மாற்றிக்கொள்ளவே வேண்டுகின்றோம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவிய செய்தி ஸர்க் என்னுமிடத்தில் எட்டியது. முஹாஜிர்களிடமும் அன்ஸாரிகளிடமும் குறைஷிப் பெரியவர்களிடமும் கலந்தாலோசித்துத் திரும்பிச்செல்ல முடிவு செய்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்த நபிமொழியும் அம்முடிவையே உறுதிப்படுத்தியது. தவக்குலும் தற்காப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

உலக சுகாதார நிறுவனம் கொரோனா நெருக்கடி நிலையை 2023 மே 5 அன்று முடித்துவைத்தது. ஆயினும் கிருமி மறைந்துவிடவில்லை. சாதாரணச் சளிக்காய்ச்சலும் முதியவர் நுரையீரலைத் தாக்கவல்லது. ஆகவே மஹல்லாவாசிகளுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள்கள் இவை:

1. எலும்பு முறிந்து படுத்திருப்பவரிடம் ஒருவர் மட்டும் உடனிருக்கட்டும். ஆளை அடிக்கடி மாற்ற வேண்டாம்.

2. காய்ச்சல், இருமல், தொண்டைவலி உள்ளவர் வார்டுக்குள் செல்லலாகாது. தொலைபேசியில் நலம் கேட்டு, துஆச் செய்தாலும் அது நலம் விசாரிப்பே.

3. செல்வோர் முகக்கவசம் அணிந்து, கைகழுவி, சில நிமிடங்களில் திரும்பட்டும். கட்டிலில் அமர்வதையும் குழந்தைகளை அழைத்துச் செல்வதையும் தவிர்க்கட்டும்.

4. மருத்துவர் அனுமதித்த உடனே நோயாளியை எழுப்பி அமர்த்தவும், மூச்சுப் பயிற்சி செய்விக்கவும் உடனிருப்பவர் உதவட்டும்.

5. நலம் விசாரிக்க வருவோர் வாங்கிவரும் பழத்திற்கும் பிஸ்கட்டிற்கும் ஆகும் தொகையை, ஏழை நோயாளியின் மருந்துக்கோ உடனிருப்பவரின் உணவுக்கோ ஜமாஅத் வழியாக அளிக்கலாம். நோயாளிக்கும் பயன், கூட்டமும் குறையும்.

இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவு கேட்பதன்று. நாம் செல்லாமல் இருந்ததால் ஒரு பெரியவர் நலமாக வீடு திரும்புவாரெனில், செல்லாமல் இருந்ததும் நன்மையாகவே எழுதப்படும் என நம்புகின்றோம். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! அக்கொடிய காலத்தில் மரணித்தோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுக்கு மேலான சுவனத்தை வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.