கல் எழுந்துவிட்டது, பெயர்கள் எங்கே?



வழக்கு, நீதிமன்றம் என்று பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று ஒரு கல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்குப் போனவர்கள் அங்குள்ள போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் இறந்தவரின் பெயர் உண்டு. புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். அது நியாயமே.

ஆனால் 1942, 1943-ஆம் ஆண்டுகளில், அதே சயாம் மரண ரயிலுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட, நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் எங்கே? இறந்த போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். அவர்களில் ஏராளமானோர் மலாயாத் தமிழர்கள். கைதிகளுக்குக் கணக்கு இருந்தது. நம்மவர்களுக்கு இன்றுவரை முழுப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

2023 மே மாதம் காஞ்சனாபுரியில் அவர்களுக்கு ஒரு நடுகல் எழுந்தது. நடுகல் நம் முன்னோர் வழக்கம். போரில் மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, நீராட்டி, வணங்குவார்கள். தொல்காப்பியமே அதைச் சொல்கிறது. வீரனுக்குரிய அந்தக் கல்லைத் தோட்டத் தொழிலாளிக்கு நட்டதில் ஒரு செய்தி இருக்கிறது: இவர்கள் வெறும் கூலிகள் அல்ல, நாம் வணங்க வேண்டிய முன்னோர்.

ஆனால் நடுகல்லுக்குப் பெயர் வேண்டும். 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல் ஈராயிரம் ஆண்டுக்கும் பழமையானது. அதில் ஆநிரைப் போரில் மாண்டவனின் பெயர் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. எண்பது ஆண்டுக்குள் நாம் மறந்துவிட்டோமே!

குற்றம் என்மேலும்தான். என் பாட்டியின் அண்ணன் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் 'சயாமுக்குப் போன தாத்தா' என்றே சொல்வோம். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றியபோது பாட்டி உயிரோடு இல்லை. சட்டம் படித்தவன், சாட்சி இருக்கும்போதே கேட்டு எழுதத் தவறினேன்.

நீங்கள் தவற வேண்டாம். இன்றிரவே வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், கொண்டுபோன ஆண்டு. பிள்ளையின் பள்ளி நோட்டுப் புத்தகம் போதும், எழுதி வையுங்கள். நாளை உரிமை கேட்டு நிற்கும்போது, முதலில் நம்மிடம் கேட்கப்போவது அந்தப் பெயரைத்தான்.