பாட்டியைக் கேளு, அரசாங்கம் புரியும்!

(அம்பத்தூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் 'மாநில அரசு' என்று ஒரு பாடம் படிக்கிறார்கள். ஆளுநர், முதலமைச்சர், அமைச்சரவை, சட்டமன்றம் எல்லாம் அதில் இருக்கிறது. சட்டமன்றத்தில் எத்தனை உறுப்பினர் என்று கேட்டால் "234" என்று டக்கென்று சொல்வார்கள். ஆனால் "பட்டா மாத்த யார்கிட்ட போகணும்? தெரு விளக்கு எரியலைன்னா யார்கிட்ட போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். மார்க் வருகிறது, விவரம் வரவில்லை.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அதற்கு நீங்கள்தான் வேண்டும்.

அரசாங்கத்தோடு வாழ்ந்து பழகிய பெரியவர்களிடம் பிள்ளைகள் போய், கேள்வி கேட்டு, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு வாய்மொழி வரலாறு என்று பெயர். இது புதுசு இல்லை. 1966-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களைப் பேட்டி எடுத்து, 'ஃபாக்ஸ்ஃபயர்' என்று ஒரு பத்திரிகையே தொடங்கினார்கள். நம்ம எழுத்தாளர் அம்பை, பெண்களின் வாழ்க்கையைப் பதிவு செய்து காப்பாற்றுவதற்கு 1988-ல் மும்பையில் 'ஸ்பாரோ' என்ற ஆவணக் காப்பகத்தை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார்.

"எனக்கு என்னம்மா தெரியும்? நான் படிக்கலையே" என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது புத்தகத்தில் இல்லை. சில உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, கர்ணம், முன்சீப். அறுபது வயது தாண்டியவர்களுக்கு இவர்களை ஞாபகம் இருக்கும். பரம்பரையாக ஒரு குடும்பத்தின் கையிலேயே இருந்த பதவி. அவர் வீட்டு வாசலில் நின்று சான்று வாங்கியது எப்படி என்று பாட்டி சொல்லட்டும். 1980 நவம்பரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளை எடுத்துவிட்டது. பிறகு சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. வழக்குப் போட்டார்கள். சட்டம் செல்லும் என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இன்றைக்கு நாம் பார்க்கிற கிராம நிர்வாக அலுவலர், வி.ஏ.ஓ., அப்படி வந்தவர். அமைச்சரவை, சட்டமன்றம், நீதிமன்றம் மூன்றுமே இந்த ஒரு கதையில் வந்துவிட்டது பாருங்கள்!

இரண்டாவது, சாப்பாடு. காமராஜர் காலத்து மதிய உணவைச் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் சமையல் வேலைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பல ஊர்களில் குழுப் பெண்களே சமைத்தார்கள். மூன்று தலைமுறையிடமும் ஒரே கேள்வி கேட்கலாம்: "அரிசி யார் கொடுத்தாங்க? சம்பளம் யார் கொடுத்தாங்க? கணக்கு யார் பார்த்தாங்க?" ஒரு திட்டம் கோட்டையில் இருந்து அடுப்படி வரை எப்படி வருகிறது என்பது பதிலில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, நம்ம ஊர். அம்பத்தூரில் ஒரே வீட்டில் நாற்பது வருஷமாக இருக்கிறவர் முதலில் செங்கல்பட்டு மாவட்டக்காரர். 1997-ல் திருவள்ளூர் மாவட்டக்காரர். 2011-ல் நகராட்சி போய் சென்னை மாநகராட்சி வந்தது. 2018-ல் சென்னை மாவட்டமே ஆகிவிட்டார். வீடு நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. இதையெல்லாம் முடிவு செய்தது மாநில அரசு. ஒவ்வொரு தடவையும் மனு கொடுக்க எங்கே அலைந்தீர்கள், வீட்டு வரி எவ்வளவு மாறியது என்று நீங்கள்தான் சொல்ல முடியும்.

கூடவே இதையும் பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள். ஆவடி டாங்கி பேக்டரி மத்திய அரசு கொண்டு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட் மாநில அரசு கொண்டு வந்தது. தெரு விளக்கு மாநகராட்சி அல்லது நகராட்சியின் பொறுப்பு. நாம் எல்லாவற்றையும் 'கவர்மெண்ட்' என்றே சொல்கிறோம். எது யாருடையது என்று தெரிந்தால்தான் மனு சரியான மேசைக்குப் போகும்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். பூந்தமல்லி பக்கத்தில் ஒரு மாணவி தன் பாட்டியிடம் பேட்டி எடுத்தாள். பாட்டி சொன்னார்: "எனக்கு 87-ல கல்யாணம். என் தங்கச்சிக்கு 90-ல. அப்பா வழி நிலத்துல அவளுக்குப் பங்கு உண்டு, எனக்கு இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஒரே வயித்துப் பிள்ளைங்கதானே?" மாணவிக்குக் கோபம். மாமாக்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தாள். விசாரித்த பிறகுதான் விவரம் தெரிந்தது.

இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அது இல்லை. 2005 செப்டம்பர் 9-ல் அமலான மத்திய அரசின் திருத்தச் சட்டம்தான் கல்யாணமான பெண்கள் என்ற வித்தியாசத்தை எடுத்தது. அதிலும், 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்திருந்தால் அதை மாற்ற முடியாது. அந்தக் குடும்பத்தில் 1995-லேயே பதிவு செய்து பிரித்துவிட்டார்கள். பாட்டிக்குப் பங்கு கிடைக்கவில்லை. ஆனால் அந்த மாணவி சட்டம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டாள். கோட்டையில் எழுதுகிற ஒரு தேதி, அக்காவை ஒரு பக்கமும் தங்கையை ஒரு பக்கமும் நிறுத்திவிடும். அதனால்தான் சட்டமன்றத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன எழுதுகிறார்கள் என்று நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

பேட்டி எப்படி எடுப்பது?

* ஒரு தடவைக்கு ஒரே விஷயம். அரை மணி நேரம் போதும். செல்போனில் பதிவு செய்யலாம்.

* முதலில் அனுமதி கேட்க வேண்டும். பேர் போட வேண்டாம் என்றால் போடக் கூடாது. குடும்பச் சண்டை, சாதி விஷயம் வந்தால், "இதை எழுதலாமா பாட்டி?" என்று மறுபடியும் கேட்க வேண்டும்.

* "கஷ்டப்பட்டீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்று முடிந்துவிடும். "எந்த ஆபீஸ் போனீங்க? யார் இருந்தாங்க? என்ன பேப்பர் கேட்டாங்க? எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்க வேண்டும்.

* ஞாபகம் தப்பலாம். அதனால் பழைய ரேஷன் கார்டு, பட்டா, வரி ரசீது, மனு நகல் எதுவாக இருந்தாலும் எடுத்து வைத்துத் தேதியைச் சரிபார்க்க வேண்டும். வருஷம் தப்பாகச் சொன்னார் என்பதற்காகப் பாட்டி சொன்னது பொய் ஆகிவிடாது.

* எழுதி முடித்ததும் அவருக்கே படித்துக் காட்ட வேண்டும்.

இது உங்களுக்குப் பழகின வேலைதான். குழுக் கூட்டத்தில் பேசுகிறோம், தீர்மான நோட்டில் எழுதுகிறோம், வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறோம். எழுதாத தீர்மானத்தை வைத்து பேங்க்கில் கடன் வாங்க முடியுமா? முடியாது. சட்டமன்றத்திலும் பேசுவது பதிவாகிறது, அமைச்சரவை முடிவு அரசாணையாக எழுத்தில் வந்தால்தான் அதிகாரி கையில் வேலை நடக்கும். தீர்மான நோட்டை உங்கள் பிள்ளையிடம் காட்டி இதை விளக்குங்கள். நன்றாகப் புரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இரண்டு பேர் பெயரைத் தீர்மானத்தில் எழுதுங்கள். ஒருவர் வயதில் மூத்தவர், பேட்டி கொடுப்பவர். இன்னொருவர் பள்ளியில் பேசி மாணவர்களை அழைத்து வருபவர். அறுபது எழுபது வயது ஆனவர்களிடம் முதலில் போங்கள். அவர்கள் ஞாபகத்துக்கு ஜெராக்ஸ் கிடையாது.