வாழைப்பழம் எதிர்பார்த்த குரங்கு
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விலங்குகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று பேசச் சொன்னார்கள். பாவ்லோவ், நாய், மணி உங்களுக்கெல்லாம் மனப்பாடம். மணி அடித்தால் சாப்பாடு வரும் என்று நாய் சேர்த்துவைத்துக்கொண்டது. சரி. என்ன சாப்பாடு? அது பிடித்த சாப்பாடா? விஷயம் அங்கேதான் இருக்கிறது.

1928-இல் டிங்கிள்பா என்கிற அமெரிக்கர் ஒரு குரங்கின் கண்ணெதிரே கிண்ணத்துக்கடியில் வாழைப்பழத்தை வைத்தார். அதற்குத் தெரியாமல் பழத்தை எடுத்துவிட்டு லெட்யூஸ் கீரையை வைத்துவிட்டார். குரங்கு வந்து கிண்ணத்தைத் தூக்கிற்று. கீரையைத் தொடவில்லை, சுற்றுமுற்றும் தேடிற்று. இத்தனைக்கும் மற்ற நாளில் அதே கீரையைத் தின்கிற குரங்குதான்! பந்தியில் பாயசம் வரும் என்று காத்திருந்தவனுக்கு மோர் ஊற்றின மாதிரி.

1942-இல் கிரெஸ்பி இதையே எலிகளிடம் அளந்தும் காட்டினார். ஓடிப்போனால் 256 துணுக்கு உணவு பெற்றுவந்த எலிகளுக்குத் திடீரென்று 16 மட்டும் கொடுத்தார். தொடக்கம் முதல் 16 வாங்கிய எலிகளைவிட இவை மெதுவாக ஓடின. ஒன்றே ஒன்று பெற்றுவந்த எலிகளோ, 16 கிடைத்ததும் பறந்தன. அளவு ஒன்றுதான், மதிப்பு வேறு. கிடைத்தது எவ்வளவு என்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசமே கற்பிக்கிறது. மூளையில் டோபமைன் செல்கள் இந்த வித்தியாசத்தைத்தான் குறிக்கின்றன என்று ஷுல்ட்ஸும் நண்பர்களும் 1997-இல் எழுதினார்கள்.

இதெல்லாம் அமெரிக்க எலிக்கு, அடையாறுக்கு என்ன? கிண்டிக் காடு 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. அதை ஒட்டி ஐ.ஐ.டி. வளாகம். அங்குள்ள நாட்டுக்குரங்குக்கு ஆலம்பழமும் புளியங்காயும் போதுமானதாகத்தான் இருந்தன. பாவம் என்று நாம் ஒரு பிஸ்கட் போடுகிறோம். அன்று அதன் கணக்கில் ஆலம்பழத்தின் விலை இறங்கிவிடுகிறது. அடுத்து பிளாஸ்டிக் பை என்றாலே தின்பண்டம் என்று சேர்த்துக்கொள்கிறது. பையை வைத்திருப்பவர் கையையும் சேர்த்துத்தான். பிடுங்குகிறது, கடிக்கிறது. பிறகு மனுக் கொடுத்து, கூண்டு வைத்து, பழக்கமில்லாத காட்டில் கொண்டுபோய் விடச் சொல்கிறோம். பாடம் நடத்தினவர் நாம், தண்டனை அதற்கு.

ஹாஸ்டல் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பத்து பேர் நிறுத்தி, ஒருத்தர் மட்டும் எப்போதாவது போட்டால் போதும், பழக்கம் போகாது. தினமும் கிடைத்துவந்தது நின்றால் விலங்கு சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது கிடைப்பதை லேசில் விடாது. லாட்டரிச் சீட்டு வாங்கினவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நிறுத்தின முதல் சில நாள் அட்டகாசம் கூடும். அந்த நாட்களில்தான் யாராவது இரக்கப்பட்டு ஜன்னலைத் திறக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டார்கள். சாப்பாடு தயார் என்று நினைக்கிறேன்.