கண்டி மலைக்கு வயது என்ன?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



எமது கல்லூரிக்கு நூறு வயது என்பதற்குச் சேர்வு இடாப்பு சாட்சி. எதிரே நிற்கும் ஹந்தானை மலைக்கு இடாப்பு இல்லை. நாங்கள் படித்த காலத்தில் "மிகப் பழைமையான பாறைகள்" என்ற ஒரு வரியோடு பாடம் முடிந்துவிடும். எவ்வளவு பழைமை, யார் அளந்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. இன்று அதைப் பேச விரும்புகிறோம்.

யுரேனியம் தானாகவே சிதைந்து, படிப்படியாக ஈயமாகிறது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் எடுக்கும். பாறை வெந்தாலும் நெரிந்தாலும் அந்த வேகம் மாறாது. எனவே ஒரு கனிமத்தில் எஞ்சிய யுரேனியத்தையும் சேர்ந்த ஈயத்தையும் அளந்தால் அதன் வயதைக் கணிக்கலாம்.

இந்தக் கலையின் தொடக்கத்திலேயே எமது நாட்டுக் கல் ஒன்று இடம்பெற்றது. 1904இல் கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி இங்கே கண்டெடுத்த கனிமத்தைப் புதியதென டன்ஸ்டன் நிறுவினார். அதுவே தோரியனைட்டு. 1907இல் அமெரிக்கரான போல்ட்வூட் இலங்கைத் தோரியனைட்டுக்கு 220 கோடி ஆண்டு என்றார். 1910இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரட், அதில் தங்கிய ஹீலியம் வாயுவை அளந்து, குறைந்தது 28 கோடி என்றார்.

ஒரே நாட்டுக் கனிமம். விடைகளோ ஏறக்குறைய எட்டு மடங்கு வித்தியாசம். காரணம் என்ன? தோரியமும் ஈயமாகும் என்பதைப் போல்ட்வூட் கணக்கில் எடுக்கவில்லை. எல்லா ஈயத்தையும் யுரேனியத்தின் பெயரில் எழுதினார். சிதைவு வேகமும் அன்று சரியாகத் தெரிந்திருக்கவில்லை. ஸ்ட்ரட்டுக்கோ ஹீலியம் கசிந்து போகும் என்பது தெரியும். அதனால்தான் "குறைந்தது" என்ற சொல்லைச் சேர்த்தார். இன்று நாம் அறிந்த விடை இரண்டுக்கும் நடுவில், 55 கோடியை அண்டி நிற்கிறது.

அப்படியானால் கண்டியின் வயது 55 கோடியா? அங்கேதான் சுவையான சிக்கல். திகனப் பக்கத்துப் பளிங்கு ஒருகாலத்தில் கடலடிச் சுண்ணாம்பு. எங்கள் மலைகளின் குவாட்சைட்டு ஒருகாலத்து மணல். கண்டங்கள் மோதி கொண்டுவானா ஒன்றுசேர்ந்தபோது, சுமார் 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இவை ஆழத்தில் வெந்து உருமாறின. ஆனால் மணலோடு வந்த சிர்க்கோன் மணிகள் அந்த வெப்பத்திலும் தம் பழைய கணக்கை முழுவதும் அழிக்கவில்லை. 1987இல் வெளியான ஆய்வில், பேராதனைப் பேராசிரியர் விதானகேயும் பங்கேற்றார். அதில் சில மணிகளின் வயது 300 கோடியைத் தாண்டியது. மணி பிறந்த வயது வேறு, மணல் படிந்த வயது வேறு, பாறை வெந்த வயது வேறு.

தங்கையரே, "பெண்பிள்ளைக்குக் கல்லும் மண்ணும் எதற்கு" என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களில் பலர் விருப்பமான பாடத்தை அந்தப் பேச்சுக்காகவே விட்டோம். உங்களுக்குப் புவிச்சரிதவியல் துறை பேராதனையிலேயே, பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. நூலில் ஓர் எண்ணைக் கண்டால், எதை அளந்தார்கள், எதை விட்டார்கள் என்று கேளுங்கள்.

தோழியரிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வுகூடத்தில் இவ்வூர்ப் பாறைகளுக்கென ஓர் அலுமாரி அமைப்போம். ஒவ்வொரு கல்லின் கீழும் ஊர், பெயர், வயது எழுதுவோம். அந்த வயது எதனுடையது என்பதையும் பக்கத்தில் எழுதுவோம்.